நாலு கை ஐயாவின் தலை

சாரோம் கொத்தனாரைத் திருடன் என்று முதலில் சொன்னது நான் இல்லை. இரண்டாவதாகச் சொன்னவள் நான்தான். அதற்கப்புறம் ஊரே சொல்ல ஆரம்பித்துவிட்டதால் யார் முதலில், யார் கடைசியில் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. எனக்கு மட்டும் மறக்கவில்லை.

என் பெயர் மலிஸ். ப்ரே ஸ்ரலாவ் மடத்து வாசலில், புளியமரத்தடியில், அரிசி நூடுல்ஸும் மீன் குழம்பும் விற்கிறேன். ஊர்ச் செய்தி எதுவானாலும் என் கடையைத் தாண்டித்தான் மடத்துக்குள் போகும், வெளியே வரும். வருகிற வழியில் கொஞ்சம் உப்புக் காரம் சேர்ந்துகொள்ளும். அதற்கு நான் என்ன செய்ய முடியும், என் கை ராசி அப்படி.

மடத்துக்குள் மூன்று பழைய கல் கோபுரங்கள். ஒன்று விழுந்து கிடக்கிறது. அந்தக் கற்களின் மேல் இளம் பிக்குகள் காவித் துணி காயப்போடுவார்கள், கோழிகள் முட்டையிடும். நடுக் கோபுரத்தை ஒட்டினாற்போல, புத்தர் இருக்கும் விகாரம். கோபுரத்துக்குள்ளே நாலு கை ஐயா நிற்கிறார். எந்த ராஜா வைத்தார், அவர் யாருடைய சாமி என்று ஆராய்ச்சிக்காரர்கள் வந்து ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு அவர் ஐயா. மாடு காணாமல் போனது, மருமகன் குடிப்பது, இதையெல்லாம் புத்தரிடம் போய்க் கேட்க முடியாது. ஐயாவிடம் கேட்கலாம்.

சாரோம் அண்ணன் பனை ஏறுகிறவரின் மகன். ஊர்களைக் காலி செய்து எல்லாரையும் வயலுக்கு விரட்டிய கறுப்புச் சட்டைக்காரர்கள் ஆட்சியில் எல்லாரையும் போல வாய்க்கால் வெட்டினார், மண் சுமந்தார், வீட்டில் ஆறு பேர் போய் அவர் ஒருவர்தான் திரும்பி வந்தார். திரும்பி வந்தபோது மடத்தில் பிக்கு இல்லை, விகாரத்தில் கூரை இல்லை, ஐயாவுக்குத் தலை இல்லை. யாரோ தட்டி விழுத்தியிருந்தார்கள். புதருக்குள் கிடந்த தலையைத் தேடியெடுத்து, கழுத்தில் இரும்புக் கம்பி கொடுத்துச் சிமெண்ட் வைத்து ஒட்டியவர் சாரோம் அண்ணன்தான். அதுதான் அவர் செய்த முதல் கொத்து வேலை. அந்த வருஷமே யான் அக்காவைக் கட்டிக்கொண்டார். அப்புறம் இந்த மடத்தில் அவர் கை படாத சுவர் கிடையாது. வாயில் சுருட்டு, காதில் பென்சில், பேச்சு ரொம்பக் குறைவு. கேட்டதற்குத் தலையாட்டுவார். கேட்காததற்கு அதுவும் இல்லை.

பல வருஷம் கழித்து விகாரத்தைத் திரும்பக் கட்டி முடித்ததும், எல்லை குறிக்கும் சீமைக் கல்லைப் புதைக்கும் விழா வந்தது. சுற்றிலும் எட்டுக் குழி, நடுவில் ஒரு குழி. ஒவ்வொரு குழிக்கு மேலேயும் ஓர் உருண்டைக் கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். ஜனங்கள் வந்து குழிக்குள் ஊசி, நூல், பென்சில், நோட்டு, சீப்பு, கண்ணாடி என்று போடுவார்கள். ஊசி போட்டால் அடுத்த பிறவியில் புத்தி கூர்மையாக இருக்கும். எனக்கு இந்தப் பிறவியில் எப்படி என்று கேட்காதீர்கள். நகையைக் கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு. கடைசி நாள் நல்ல நேரம் பார்த்துக் கயிற்றை வெட்டுவார்கள். கல் விழும், மண் மூடும், அவ்வளவுதான். அந்த எல்லைக்குள்தான் பிக்குகளுக்குத் தீட்சை. அதற்கப்புறம் அந்தக் குழியில் மண்வெட்டி வைக்க எவனுக்கும் தைரியம் வராது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே கூட்டம் வர ஆரம்பித்தது. கூட்டத்தோடு துப்பாக்கிக்காரர்களும் வந்தார்கள். யாருடைய ஆட்கள் என்று அந்தக் காலத்தில் கேட்கும் வழக்கமில்லை. காவலுக்கு வந்தோம் என்றார்கள். பக்கத்து ஊர் மடத்துக்கும் அப்படித்தான் காவலுக்குப் போனார்கள். அவர்கள் போன பிறகு அங்கே சுவரில் கல்லில் செதுக்கப்பட்டு ஆடிக்கொண்டிருந்த பெண்களில் நாலு பேரைக் காணவில்லை.

ஐந்தாம் நாள் கயிறு வெட்டியாயிற்று, எல்லாரும் கைகூப்பி நல்லது என்று 'சாது' சொல்லியாயிற்று, கூட்டம் கலைந்தது. அன்று சாயங்காலம் துப்பாக்கிக்காரர்கள் ஐயாவுக்குச் சுற்றியிருந்த காவித் துணியையும் பூமாலையையும் விலக்கினார்கள். உள்ளே தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் பூசணிக்காய் இருந்தது. எவனோ முந்திக்கொண்டான் என்று திட்டிக்கொண்டே வண்டியேறிப் போனார்கள். ஐந்து நாளாகப் பூசணிக்காய்க்குப் பத்தி கொளுத்தியிருக்கிறோம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

கழுத்தில் உளி பட்ட அடையாளமே இல்லை. கம்பியைச் சுற்றிச் சிமெண்டைப் பதமாகத் தட்டிக் கழற்றியிருந்தார்கள். ஒட்டியவனுக்குத்தானே கழற்றத் தெரியும் என்றான் ஒருவன். ஆமாம் என்றேன் நான்.

எங்கள் பக்கம் களவு போனால் ஐயா முன்னால் சத்தியம். மடத்தில் வேலை செய்தவர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் எல்லாரையும் அந்தத் தலையில்லாத உடம்புக்கு முன்னால் நிறுத்தினோம். "தலை எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சு மறைச்சா ஐயா என் குடலை உருவட்டும்." சொல்லிவிட்டுப் பத்திச் சாம்பல் கரைத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். யான் அக்கா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லி, ஒரே மடக்கில் குடித்தார். அடுத்தது சாரோம் அண்ணன். தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் வாங்கியவர் அப்படியே நின்றார்.

"சொல்லுங்கண்ணே," என்றேன்.

"நான் விக்கல."

"வித்தீங்களான்னு கேக்கல. எங்க இருக்குன்னு தெரியாதுன்னு சொல்லுங்க."

"நான் விக்கல. அது மட்டுந்தான் சொல்லுவேன்," என்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அவரே சிமெண்டில் ஒரு தலை செய்துவந்து ஐயாவுக்கு வைத்தார். கூலி கேட்கவில்லை. காது இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை, மூக்கு எங்கள் தபால்காரரின் மூக்கு. பாவத்தைக் கழுவுகிறான் என்றோம். ஆனாலும் கும்பிட்டோம், வேறு தலைக்கு எங்கே போவது.

பிறகு யாரும் அவரை வீட்டு வேலைக்குக் கூப்பிடவில்லை. மடத்தில் மட்டும் வேலை கொடுத்தார்கள். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்தால் பந்தியில் இரண்டு பக்கமும் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கும். அவர் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது, "ஐயாவோட மூக்கு வண்டியாயிடுச்சு," என்று நான் சொன்னது ஊரெல்லாம் சிரித்துச் சிரித்துப் பரவியது. அது மூன்றாம் கை வண்டி, அவர் மைத்துனன் கொடுத்தது. அது எனக்கும் தெரியும்.

இதைவிடப் பெரிய காரியமும் செய்தேன். அவருடைய மகன் விரக் என் மகள் லீதாவை விரும்பினான். அவளுக்கும் விருப்பம். யான் அக்கா வெற்றிலை பாக்கோடு என் வீட்டுக்கு வந்தார். நான் தட்டைத் தொடவில்லை. "அக்கா, உங்க மேல எனக்குக் கோபம் ஒண்ணுமில்ல. ஆனா நாளைக்கு என் பேரப்பிள்ளைய, ஐயா தலைய வித்தவன் பேரன்னு ஊர் சொல்லும். எனக்கு அது வேணாம்," என்றேன். ஊர் என்று சொன்னேனே, அது நான்தான். யான் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு போனார். விரக் தலைநகர் நோம் பென்னுக்குப் போய் லாரி ஓட்டி, அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறான். லீதாவையும் நல்ல இடத்தில்தான் கொடுத்தேன். ஆனால் இன்றுவரை அவள் என் முகத்தை நேராகப் பார்த்து அதிகம் பேசுவதில்லை.

இருபத்திரண்டு வருஷம் இப்படியே போனது. போன வெயில் காலத்தில் விகாரத்தின் கூரை ஒழுகியது, சுவர் பிளந்தது. இடித்துவிட்டு அகலமாகக் கட்டலாம் என்று முடிவானது. அகலமாகக் கட்டினால் எல்லை மாறும். எல்லை மாறினால் பழைய சீமையைப் பிக்குகள் ஓதிக் கழற்ற வேண்டும், ஒன்பது குழியையும் திறந்து கல்லை எடுக்க வேண்டும். இதைப் பேச, பிக்குகள் சாப்பாடு முடித்த பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் கூடினோம். மடத்துத் தலைமைப் பிக்குவான பெரிய சாமி எல்லா வேலையையும் பங்கு போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த சாரோம் அண்ணன் எழுந்தார். எழுபது வயது ஆகிவிட்டது, எழுவதற்கே நேரம் பிடித்தது.

"சாமி, நடுக் குழிய மட்டும் மெதுவாத் தோண்டச் சொல்லுங்க. கடப்பாரை வேணாம், சிமெண்ட் பூசற கைக் கரண்டி போதும்."

"ஏன் சாரோம்?"

"கல்லுக்குக் கீழ ஐயாவோட தலை இருக்கு."

வந்தவர்களுக்கு மிச்சக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. என் நாக்குத்தான் எப்போதும் முந்தும்.

"இருபத்திரெண்டு வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, சாமியைப் பார்த்தே சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு பேச்சு வந்து நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"விழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி, அந்தத் துப்பாக்கிக்காரங்கள்ல ஒருத்தன் ஐயா கழுத்தைச் சாண் போட்டு அளந்தான் சாமி. நான் பாத்தேன். மறுநாள் மத்தியானம் எல்லாம் சாப்பிட்டுச் சாஞ்சிருந்த நேரத்துல கழட்டிட்டு, அந்த எடத்துல பூசணிக்காய வச்சுத் துணியச் சுத்திட்டேன். தோள்ல காவுதடி, அதுல ஒரு பக்க வாளிக்குள்ள ஐயா தலை, மேல சாந்து. மறு வாளியில எடை சமமாகறதுக்கு வெறும் சாந்து. அவனுங்க முன்னாடியேதான் நடந்து போனேன். ஒருத்தன் சுருட்டுக்கு நெருப்புக் கேட்டான், நின்னு குடுத்துட்டுப் போனேன். நடுக் குழிக்கு நான்தான் செங்கல் கட்டிக்கிட்டு இருந்தேன். அடியில வச்சு மண்ணு போட்டேன். அவனுங்க கிளம்பினதும் எடுத்துடலாம்னு நெனச்சேன்."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"அன்னிக்குச் சாயங்காலமே ஜனங்க நகை போட ஆரம்பிச்சுட்டாங்க. குழிக்குக் காவல் போட்டுட்டாங்க சாமி. காவலுக்கு நின்னதே அவனுங்கதான்."

யாரோ சிரித்துவிட்டார்கள். எடுக்க வந்தவனே ஐந்து நாள் ராப்பகலாகத் துப்பாக்கியோடு நின்று ஐயாவைக் காத்திருக்கிறான். சாரோம் அண்ணன் சிரிக்கவில்லை.

"கயித்த வெட்டினாங்க. கல்லு விழுந்துச்சு. எல்லாரும் சாது சொன்னீங்க. எனக்கு மட்டும் கீழ டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. ஆறு ஆள் தூக்கற கல்லு சாமி. சொன்னா தோண்டணும், தோண்டினா சீமை போச்சு. தோண்டிப் பாத்தா ஐயா மூஞ்சி மாவா இருந்தா? திருடன்னு சொல்றது பொய். அதனால தாங்கிக்கிட்டேன். ஐயாவ உடைச்சவன்னு சொன்னா அது நெசமாயிடுமே, அத எப்படித் தாங்குவேன்?"

பெரிய சாமி அவரைக் கிட்டே கூப்பிட்டார். "முழுசா இருந்தாலும் சரி, உடைஞ்சிருந்தாலும் சரி, நீங்கதான் எடுக்கணும் சாரோம்," என்றார்.

அன்றிலிருந்து என் கடையில் இதே பேச்சு. அங்கே ஒன்றும் இருக்காது, கிழவன் கதை கட்டுகிறான் என்றார்கள் சிலர். இருந்தாலும் துண்டு துண்டாகத்தான் இருக்கும் என்றார்கள் மற்றவர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்கு வந்தவர்கள் எனக்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்கள்.

நாள் குறித்து நாற்பது பிக்குகள் வந்தார்கள். குழிக்குக் குழி நின்று ஓதிச் சீமையைக் கழற்றினார்கள். சுற்றியிருந்த எட்டுக் கல்லும் முதல் நாளே வெளியே வந்தன. இரண்டாம் நாள் காலை நடுக் குழி. மேல் மண்ணை எடுத்து, கல்லுக்குச் சங்கிலி போட்டு, மூன்று கம்பத்தை முக்காலியாக நட்டு மேலே தூக்கினார்கள். கல் நகர்ந்ததும் சாரோம் அண்ணன் ஏணி வைத்து உள்ளே இறங்கினார். யான் அக்கா குழி ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தைத் தலைத் துண்டால் பாதி மூடிக்கொண்டார். நான் அவருக்கு நேரே எதிர்ப் பக்கம். வாழ்நாளிலேயே முதல் தடவையாக, நான் சொன்னது தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

முதலில் வந்தது நசுங்கிப்போன ஒரு வெண்கலக் கிண்ணி. யாரோ வேண்டுதலுக்குப் போட்டது. அதை அவர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல் நேராக அதன் மேல்தான் விழுந்திருந்தது. விரலால் தட்டினார். டொக். மேலே பார்த்தார். மறுபடி குனிந்து கரண்டியை எடுத்தார்.

அதற்குக் கீழே நூல். ஒரு முழ ஆழத்துக்கு நூல். அந்த வருஷம் நெசவுத் தெருப் பெண்கள் எல்லாரும் நடுக் குழியில்தான் புண்ணியம் என்று கேள்விப்பட்டு, உருண்டை உருண்டையாக, கற்றை கற்றையாகக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். ஓர் உருண்டை போடுவதாக வேண்டிக்கொண்டு, பாதியை அறுத்து வீட்டில் வைத்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் கறுத்து, ஊறி, மெத்தை போலப் படிந்து கிடந்தது. ஊடே துருப்பிடித்த ஊசிகள். சாரோம் அண்ணன் விரலில் ரத்தம் வந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

நூலுக்கு அடியில் மண். மண்ணுக்கு அடியில், சுற்றி வைத்திருந்த தோள் துண்டு, மட்கிப்போய். பிறகு கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தோண்டினார்.

"தண்ணி," என்றார் கீழேயிருந்து.

வாளியில் தண்ணீர் இறக்கினோம். அவர் கழுவினார். நெற்றி வந்தது. மூடின மாதிரி இருக்கும் அந்தக் கண் வந்தது. மூக்கு, உதடு, இரண்டு காது. ஒரு காதின் நுனியில் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அது கறுப்புச் சட்டைக்காரர்கள் காலத்திலேயே போனது. ஒட்டியபோதே அப்படித்தான் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. மூச்சு மட்டும் விட்டார், நீளமாக, இருபத்திரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்த மூச்சு.

"அண்ணே, மேல வாங்க," என்று கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் இருங்கப்பா. இப்பத்தான் உக்காந்திருக்கேன்."

மேலே எல்லாரும் சாது சொன்னோம். பெரிய சாமி காவித் துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார். நான் தரையில் விழுந்து கும்பிட்டேன். ஐயாவைக் கும்பிட்டேனா, அவரையா என்று எனக்கே தெரியவில்லை. எனக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. ஆனால் முழுசாக இறங்கவில்லை.

மறுநாள் காலை, அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது யான் அக்கா வந்தார். வெற்றிலைத் தட்டோடு திரும்பிப் போனவர் அதற்கப்புறம் என் கடைக்கு வந்ததே இல்லை. நேராக வந்து பலகையில் உட்கார்ந்தார்.

"ஒரு கிண்ணம் குடு. குழம்பு நெறைய ஊத்து."

ஊற்றினேன். கிண்ணம் வழிந்து அவர் பாவாடையில் ஒரு சொட்டு விழுந்தது. "அக்கா, அன்னிக்கு நீங்க தட்டக் கொண்டு வந்தப்ப..." என்று ஆரம்பித்தேன்.

"நீ திட்டினது எனக்குத் தெரியும் மலிஸ். ஊர் முழுக்கத் திட்டினது தெரியும். சும்மா இரு, நான் சொல்ல வந்தது வேற." அவர் நூடுல்ஸைக் கிளறினார், சாப்பிடவில்லை. "நானும் நம்பினேன்."

"எத அக்கா?"

"அவர்தான் வித்தாருன்னு. இத்தன வருஷமும் அந்த மனுஷன் பக்கத்துலதான் படுத்தேன். சோறு போட்டேன், முதுகு தேச்சு விட்டேன். ஒரு நாள்கூடக் கேக்கல. கேட்டா, ஆமான்னு சொல்லிருவாரோன்னு பயம். நீயாவது வாய் விட்டுச் சொன்ன. நான் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு அவர் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சேன்."

அடுப்பிலிருந்த குழம்பைச் சும்மா கிளறினேன். என்னைப் பேச்சில்லாமல் ஆக்கியவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

"இன்னிக்குக் காலையிலதான் கேட்டேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேன்னு கேட்டேன். சுருட்டக் கீழ வச்சுட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'உன்கிட்ட சொல்லியிருந்தா, அன்னிக்கு அந்தத் தண்ணிய நீ குடிச்சிருக்க முடியாது. ஊர் என்னை மட்டும் ஒதுக்குச்சு. உன்னையும் சேத்து ஒதுக்கியிருக்கும்'னாரு. அவ்வளவுதான். சொல்லிட்டுத் திரும்பவும் சுருட்டு."

யான் அக்கா அதற்கப்புறம் சாப்பிட ஆரம்பித்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமலே, நல்ல பசியோடு, கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"அவருக்கும் ஒரு கிண்ணம் கட்டிக் குடு," என்றார். "இத்தன வருஷமும் விடியறதுக்கு முன்னாடியே முழிச்சுக்கற மனுஷன். காலையில பேசிட்டு மறுபடியும் படுத்துத் தூங்கறாரு."